‘கால் நூல் முன்னாடி வை’: புல்லட் வாய்மொழி மரபில் டைமிங், ஒரு பன்முக நோக்கு

முகவுரை

புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு டைமிங் வைப்பது குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. வெளிவந்திருக்கிறதா என்று இவ்வாய்வாளர் தேடவும் இல்லை. தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தால் முதல் வாக்கியத்தை எடுக்க வேண்டியிருக்கும், முதல் வாக்கியம் இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்பதில்லை. அவர்கள் படிப்பது அதை மட்டும்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி, மாமனார் வழியில் வந்த ஒரு புல்லட் 350. அவர் காலத்துக்குப் பிறகு அது வீட்டுச் சந்தில் பதினோரு வருடம் நின்றது. ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காய்ந்தது. சீட்டைப் பிய்த்துப் பூனை குட்டி போட்டது. டாங்குக்குள் எறும்பு குடியிருந்தது (மாமியார், வாய்மொழி). அதை அக்கக்காகப் பிரித்து, துரு எடுத்து, கறுப்புப் பூசி, டாங்கில் தங்கக் கோடு இழுத்து, குரோம் போட்டு, புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் சேர்த்துப் பூட்ட ஒரு வருடம் ஆனது. பூட்டி முடித்தபோது மாப்பிள்ளை மாதிரி நின்றது. உதைத்தால் எழவில்லை. தப்பித்தவறி எழுந்தால் சைலன்சரில் தீபாவளி கொண்டாடிவிட்டு அணைந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, டைமிங் வைக்கவில்லை என்றார்கள்.

ஒற்றை சிலிண்டர், பாயிண்ட் வைத்த வண்டி என்பது ஆய்வின் எல்லை. ஆர்.எக்ஸ். 100க்கு சி.டி.ஐ. உண்டு, அதை ஓட்டியவர்கள் இந்தக் கவலையே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள். ராஜ்தூத் 350க்கு இரண்டு சிலிண்டர், இரண்டு பாயிண்ட், இரண்டு டைமிங். அதற்குத் தனியே இரண்டு முனைவர் பட்டம் தேவைப்படும். பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டிக்கொண்ட புல்லட்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆய்வுக்குப் பயன்படார்.

இயல் ஒன்று: தோற்றமும் வளர்ச்சியும்

டைமிங் வைக்கும் கலை கடல்கொண்ட குமரிக்கண்டத்திலேயே இருந்தது என்பதற்கான சான்று கடலுக்கடியில் இருக்கிறது. ஆகவே மறுக்க முடியாது. எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

புல்லட்டின் மூலப்பிரதி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப் பழகினார்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. மூலம் அழிந்தது, கடலுக்கு இப்பால் எடுத்த படி ஒன்று வடசென்னை உப்புக்காற்றில் பிழைத்துக் கிடந்தது. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி. என்ற யாப்பை அரை நூற்றாண்டுக்கு யாரும் மாற்றவில்லை. 1977இல் அந்தப் படியை மூலம் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தார்கள். சுவடியியல் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது.

சுவடி என்றதும் ஒன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். தூசு தட்டி, கையால் பிரித்து, கண்ணால் படித்தார். இன்று நாம் அவருடைய முகவுரைக்கு ஒரு முகவுரை எழுதிப் பதவி உயர்வு வாங்குகிறோம். ஏடு எவ்வளவு கனம் இருக்கும் என்று எங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு மேற்கோள் கிடைக்கும்.

இயல் இரண்டு: ஆய்வு முன்னோடிகள்

மாமனார். அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. ‘வண்டியைத் தொடாதீங்க மாப்ளே’ என்பது மட்டும் எஞ்சியுள்ளது (பல பதிப்புகள்).

இயல் மூன்று: ஐந்திணைப் பாகுபாடு

பொருந்தவில்லை. ஆயினும் வழிகாட்டி வற்புறுத்தியதால் சேர்க்கப்படுகிறது. பாலை: நடுவழியில் நின்றது. ஏனைய நான்கு திணைக்கும் வண்டி போய்ச்சேரவில்லை.

இயல் நான்கு: பொருள் விளக்கம்

டைமிங் என்பது பொறி விழும் வேளை. பிஸ்டன் மேலேறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழுந்துவிட வேண்டும். உச்சியிலேயே விழுந்தால் என்ன குறை என்று வழிகாட்டி கேட்டார். அடுப்பைப் பற்றவைத்த கையோடு சோறு கேட்பதில் என்ன குறையோ அதுதான். கலவை பற்றி, பரவி, வலுத்து வர அதற்கும் நேரம் பிடிக்கிறது. பொறி பிந்தினால் நெருப்பு வலுப்பதற்குள் பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடும். வண்டி இழுக்காது, சூடேறும், காசு கொடுத்துக் குரோம் போட்ட குழாயின் கழுத்தில் நீலம் பாயும். முந்தினால் ஏறிவரும் பிஸ்டனை நெருப்பு எதிரே நின்று அறையும். ஓடும்போது டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின சத்தம் வரும். உதைக்கும்போது கிக்கர் ரிட்டன் அடிக்கும். ரிட்டன் பற்றி இயல் ஆறில் விரிவாக.

வேகம் கூடக்கூட முந்தவும் வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் ஒருமுறை சுற்ற 20 மில்லிநொடிதான் ஆகிறது. நெருப்போ தன் நிதானத்தில் எரிகிறது. அதற்காகத்தான் பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் இரண்டு சின்ன எடைக்கட்டிகளை ஸ்பிரிங் போட்டு வைத்திருக்கிறார்கள். வேகத்தில் அவை விரிந்து காமை முன்னே தள்ளிவிடும். டைமிங் வைக்கும்போது அந்த எடைகள் ஒடுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் 350க்கு உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பொறி. அங்குலக் கணக்கில் முப்பத்திரண்டில் ஒன்று. பழைய வாய்பாட்டில் அரைவீசம். வாசகர் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாய்வாளர் வைத்துக்கொள்ளவில்லை.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். காம் வந்து முட்டித் திறந்ததும் ஓட்டம் அறும். அறுந்த கணத்தில் பிளக்கில் பொறி. முழுதும் திறந்த நிலையில் பாயிண்டுக்கு இடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதலில் இந்த இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளியை அகட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் தானாக முந்தும், குறுக்கினால் பிந்தும். டைமிங்கை வைத்து முடித்துவிட்டு அப்புறம் இடைவெளியைத் திருத்துகிறவன், உரை எழுதி முடித்துவிட்டு அப்புறம் மூலத்தைத் திருத்துகிறவனுக்கு ஒப்பாவான். நம் துறையில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பெயர் சொல்லலாம், இவ்வாய்வாளருக்கு வாய்மொழித் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது.

கண்டென்சர் பற்றித் தனி இயல் எழுதி, வெந்துபோனதால் நீக்கப்பட்டது. இயல் வேகவில்லை, கண்டென்சர்தான்.

இயல் ஐந்து: மூலவாக்கும் உரைவேறுபாடும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் மேஸ்திரியே இம்மரபின் மூலவர். பேச்சு குறைவு. வண்டியை வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, “டைமிங்க நானே வச்சுக்கறேன் மேஸ்திரி, எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டேன். வேறொரு வண்டியின் அடியில் குந்தியிருந்தவர், உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்வியபடி, நிமிராமல் அருளியது முழுமையும் வருமாறு:

“கால் நூல் முன்னாடி வை சார்.”

ஐந்து சொல். இவற்றுள் ‘சார்’ பிற்கால இடைச்செருகல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மற்ற நான்கில்தான் எல்லாமும்.

முதலில் பாடம். சரியாக அந்த நேரத்தில் கையாள் பையன் டீ டம்ளரோடு வந்தான். ஆகவே ‘முன்னாடி வை’ என்பது டீயைப் பார்த்துச் சொன்னது. வண்டியைப் பற்றிச் சொன்னது ‘கால் நூல்’ மட்டும்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. டீயை அவன் பக்கத்தில்தான் வைத்தான், முன்னாடி வைக்கவில்லை என்பது மறுப்பு. அவன் சொன்னதைக் கேட்கிற பையன் இல்லை என்பது மறுப்புக்கு மறுப்பு (மேஸ்திரி, வாய்மொழி, அதே நாள், டீ ஆறிய பிறகு).

இனிச் சொற்பொருள். ‘கால்’ என்பதற்கு அகராதியில் பொருள் பல. உறுப்பு. காற்று. காலம். தேர்ச்சக்கரம். தூண். வாய்க்கால். இதில் எதை எடுத்தாலும் பொருந்துகிறது என்பதுதான் தமிழின் சிறப்பும் ஆய்வாளனின் பிழைப்பும். காற்று என்று கொண்டால் கார்புரேட்டரைக் குறிக்கும். சக்கரம் என்று கொண்டால், பின்சக்கரத்தை உருட்டித்தானே பிஸ்டனை ஏற்றுகிறோம்? காலம் என்று கொண்டால், ‘கால் நூல்’ என்பதே காலத்தைப் பற்றிய நூல், அதாவது டைமிங் மேனுவல். ‘மேனுவலை முன்னாடி வைத்துக்கொண்டு வேலை செய், சார்’ என்று அழகாக முடிகிறது. இந்தக் கடைசி உரையை எங்கள் துறைத்தலைவர் கேட்டுக் கண்கலங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதை ஒரு கருத்தரங்கில் தாமே படிக்கலாமா என்று கேட்டார்.

கால் என்றால் நான்கில் ஒன்று என்றும் பொருள் உண்டே என்றார் பேட்டர்ஸ் சாலையில் பாயிண்ட் விற்ற கடைக்காரர். உண்டு. மிகவும் எளிதாக இருப்பதால் அது ஏற்கப்படவில்லை.

‘நூல்’ இன்னும் வளமானது. புத்தகம் என்ற பொருளை மேலே கண்டோம். இழை என்ற பொருளை இவ்வாய்வாளர் சோதனைக்கு உட்படுத்தினார். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு தையல் நூலை இறக்கி, பிஸ்டன் உச்சியைத் தொட்டுப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றதில், நூலை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது என்பது நிறுவப்பட்டது. இது இவ்வாய்வேட்டின் முதல் சொந்தக் கண்டுபிடிப்பு. உள்ளே விழுந்த துண்டை எடுப்பதற்குத் திங்கட்கிழமை விடுப்பு எடுக்கப்பட்டது.

மூன்றாவது பொருள் பட்டறையில் வழங்குவது. ஆசாரியும் கொத்தனாரும் பைப் ஃபிட்டரும் ஓர் அங்குலத்தை எட்டாக்கி அதில் ஒன்றை நூல் என்கிறார்கள். நாலு நூல் பைப் என்றால் அரை இஞ்ச். கல்லூரிக்குள் இந்த அளவை நுழையவில்லை. எங்கள் துறையில் நூல் என்றால் நூலகத்துக்கு வந்து சேராதது. மேஸ்திரி கடைச் சுவரில் இதற்கு எழுத்துச் சான்று உண்டு (தெற்குச் சுவர், சாமி படக் காலண்டருக்குப் பின்புறம், பென்சில் எழுத்து, மூன்றாம் வரி: ‘போல்டு 3 நூல் பாக்கி’, காலண்டரைத் தூக்கிப் பிடித்தவர் கையாள் பையன், பிடித்த நேரம் ஒரு நிமிடம், கூலி ஒரு வடை). ஆகவே நூல் என்பது எட்டில் ஓர் அங்குலம், 3.2 மில்லிமீட்டர் என்று கொள்வதில் தடையில்லை.

கூட்டிப் படித்தால் என்ன வருகிறது என்று வாசகர் முந்திக்கொள்ள வேண்டாம். எட்டில் ஒன்றில் நான்கில் ஒன்று முப்பத்திரண்டில் ஒன்று, அரைவீசம், 0.8 மில்லிமீட்டர் என்று பெருக்கிப் பார்ப்பது கணக்கு வாத்தியார் வேலை. உரைகாரன் பெருக்கக் கூடாது. அவன் பிரிக்க வேண்டும். வாக்கைப் பிரித்தபோதுதான் அதன் உள்ளழகு துலங்கியது:

“கால்! நூல் முன்னாடி வை, சார்.”

ஒரு வியப்புக்குறி போதும். ‘காலைப் பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை முதலில். ‘ஒரு நூல் முன்னாடி வை’ என்ற விதி பிறகு. எச்சரிக்கை முற்பட்டு விதி பிற்படுதல் பழைய ஆசிரியர்கள் கையாண்ட முறையே என்று வழிகாட்டி ஓரக்குறிப்பு எழுதினார். எந்த ஆசிரியர் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே பத்து வருடமாக இந்த நாகரிகம் நிலவுகிறது.

‘முன்னாடி’ இடத்தைக் குறிக்குமா, காலத்தைக் குறிக்குமா? இடம் என்பார், பாயிண்ட் தட்டை முன்சக்கரத்துப் பக்கம் திருப்புவார். காலம் என்பார், காம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டைத் திருப்புவார். அப்போதுதான் காம் சீக்கிரமே பாயிண்டைச் சந்திக்கும், பொறி முந்தும். பின்னது சரி. இதில் மட்டும் இவ்வாய்வாளர் சரியாக இருந்ததுதான் வினையாயிற்று.

‘வை’ என்பது வைத்தல், வைதல் இரண்டுக்கும் ஏவல். வைதல் என்னும் பொருளில் ‘முன்னாடி வை’ என்பது ஆளை எதிரே நிறுத்தித் திட்டுவதைக் குறிக்கும். இப்பொருளுக்குச் சான்று வேண்டுமா என்று தயங்கியபோது தானாக வந்தது (மாமியார், சமையலறை வாசலிலிருந்து ஆற்றிய பேருரை; சந்தில் எஞ்சின் ஆயில் கொட்டிய அன்று; மூன்றாவது குக்கர் விசிலுக்கும் நான்காவது விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி; நான்காவது விசிலால் சிதைந்த இரு சொற்களை முன்பின் நோக்கி இவ்வாய்வாளர் ஊகித்துள்ளார்; ஊகம் சரியென்று மைத்துனர் உறுதிப்படுத்தினார்; அச்சிடத் தகாதவை; ஒன்றில் ‘மாப்பிள்ளை’ என்ற சொல் மரியாதைப் பொருளில் வரவில்லை; ஐந்தாவது விசில் வரவே இல்லை, சாம்பார் அடிப்பிடித்தது, அதற்கும் புல்லட்டே காரணம் என்பது பின்னிணைப்பு).

இயல் ஆறு: களஆய்வு

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பிளக்கைக் கழற்றியாயிற்று. பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினால் பிஸ்டன் ஏறி இறங்கும். பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ள வேண்டும். விரலைக் காற்று ‘புஸ்’ என்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஏற்றம். தள்ளாவிட்டால் இன்னொரு சுற்று. கால் என்பதற்குச் சக்கரம், காற்று என்ற இரு பொருளும் ஒரே செயலில் மெய்யானதைக் கண்டு இவ்வாய்வாளர் புல்லரித்தார். விரல் கறுத்தது.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பிஸ்டன் தலையில் நிறுத்தினேன். சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கக் கம்பி ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, இறங்கத் தொடங்கும். நிற்கும் இடம் உச்சி. அங்கே கம்பியில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு ஒரு நூல் மேலே இன்னொரு கோடு. மேல்கோடு ஓட்டையின் விளிம்புக்கு வரும்வரை சக்கரத்தைப் பின்னால் விட்டு, பல்சக்கரங்களின் ஆட்டம் கழிய இன்னும் சற்றுப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நிறுத்தினேன். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி ஒருபக்கமாக ஒதுங்கும், அளவு சற்றுப் பிசகும். ஒரு முடியளவு பிசகைப் பற்றி நான் மிகவும் கவலைப்பட்டேன்.

அடுத்தது பாயிண்ட். சிகரெட் பெட்டித் தாளை மெல்லிசாகக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே கொடுத்து, லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, தட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். தாள் கவ்விக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக் கையோடு வந்துவிடும். பாயிண்ட் திறக்கும் கணம் அதுதான். ஒரு நூல் முன்னாடி, பிசகில்லாமல், மூன்றுமுறை சரிபார்த்து இறுக்கினேன். இவ்வளவு துல்லியமாக ஒரு தவறு இதற்குமுன் வைக்கப்பட்டதில்லை.

பிளக்கைப் போட்டாயிற்று. சாவி. டீகம்ப்ரஸரை அமுக்கி, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, டீகம்ப்ரஸரை விட்டு, மாமனாரை நினைத்துக்கொண்டு முழு எடையோடு உதைத்தேன்.

பத்து டிகிரிக்கு அருகே இருக்க வேண்டிய பொறி இருபதை நெருங்கி விழுந்தது. நாலு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு கோணம்தான் ஆகிறது. உச்சிக்கு அருகில் பிஸ்டன் அவ்வளவு மெதுவாகத்தான் நகரும். இந்த நுட்பத்தை வேறொரு சமயத்தில் ரசித்திருப்பேன். உதையின் வேகத்தில் தயங்கித் தயங்கி ஏறிவந்த பிஸ்டனை நெருப்பு பாதிவழியில் மறித்து வந்த வழியே திருப்பியது. பிஸ்டன் கிராங்கைத் திருப்பியது. கிராங்க் கிக்கரைத் திருப்பியது. கிக்கர் என்னைத் திருப்பியது. பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி வலது கணுக்கால் வீங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘கால்!’ என்ற பகுதிக்கு நான் கண்ட உரை ஐயம் திரிபற நிறுவப்பட்டதை உணர்ந்தேன். உரைகாரர்களுள் எத்தனை பேருக்கு இப்பேறு கிட்டியிருக்கும் என்று தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து வண்டியை ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு, நொண்டியபடி மேஸ்திரி கடைக்குப் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என் கணுக்காலைத்தான் பார்த்தார்.

“எவ்ளோ வச்ச சார்?”

“ஒரு நூல்.”

“கால் நூல்னு சொன்னேன்ல?”

“கால்னு சொன்னீங்க. அதை நான் தனியா...” என்று தொடங்கி வியப்புக்குறியை விளக்க முற்பட்டேன். பேனா இல்லாததால் காற்றில் வரைந்து காட்டினேன். மேஸ்திரி பையனைப் பார்த்தார். பையன் என்னைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

தாள் இல்லை, நகப்பூச்சு இல்லை. ஸ்போக்ஸ் கம்பியில் அவருக்கென்று இரண்டு அரக்கோடு, எந்தக் காலத்திலோ போட்டது. கம்பியை விட்டு, சக்கரத்தை முழங்காலால் நகர்த்தி, இடம் வந்ததும் அதே முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். சாவியைப் போட்டார். ஹெட்லைட் மேல் ஆம்பியர் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பாயிண்ட் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டைத் தட்டினார். இன்னொரு தட்டு. முள் நடுவுக்குத் துள்ளியது. திறந்துவிட்டது. ஸ்க்ரூவை இறுக்கினார், மறுபடி சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தளர்த்தினார்.

“டைட் பண்ணா தட்டு கொஞ்சம் நவுரும் சார். நவுர்றதுக்கும் சேத்து வைக்கணும்.”

எவ்வளவு நகரும் என்று கேட்டேன். “நவுர்ற அளவுக்கு” என்றார். இதைக் குறித்துக்கொண்டேன் (உள்ளங்கை, நீலமை, பின்னர் வியர்வையால் சிதைவு).

அந்த இடைவேளையில் பையன் டீ வாங்கி வந்தான். இந்த முறை முன்னாடியே வைத்தான். ஆகவே இயல் ஐந்தில் சொன்ன கொள்கை முழுவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது உதையில் வண்டி எழுந்தது. மேஸ்திரி ஐட்லிங்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். டுக்... டுக்... டுக்... ஒவ்வோர் அடியையும் விரல்விட்டு எண்ணலாம் போல, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நின்றுவிடுமோ என்று பயம் வந்து போகிற அளவுக்கு. சந்துமுனையில் சைக்கிளில் போன ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுப் போனார். மாமனார் வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பும் சத்தம் இதுதான் என்று மனைவி எப்போதோ சொல்லியிருக்கிறாள். அப்போது நான் எதையோ படித்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

“இப்ப காதுல விழுதா சார்?”

விழுது. ஆலமரத்தின் கிளையிலிருந்து இறங்குவது. அம்மியில் அரைத்து எடுப்பது. ‘விழுகிறது’ என்பதன் மரூஉ. காதில் விழுது என்னும் தொடரில் ஆலமரப் பொருளைக் கொண்டால், காதிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வேர்விடும் ஒலி என்று... இது குறைந்தது இரண்டு கருத்தரங்குகளுக்குத் தாங்கும். பையனிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனான்.

“குடுக்காதடா” என்றார் மேஸ்திரி.